ஒரே ராத்திரியில் பதினோரு தடவை வந்த விளம்பரம்

கேள்வி: விருதுநகர் பக்கம் மசாலாப் பொடி தயாரித்து விற்கிறோம். விருதுநகர், மதுரை, தேனி என மூன்று மாவட்டக் கடைகளுக்கும் சரக்குப் போடுகிறோம். ஏழு வருஷமாக விளம்பரம் என்றால் டிவியில் மாலை சீரியல் நேரம்தான். “இப்போ யாரு அத்தை டிவி பார்க்கிறா? ராத்திரி உட்கார்ந்தா முழு வெப் சீரிஸையும் பார்த்துட்டுதானே எழுந்திரிக்கிறாங்க” என்று மருமகள் சொன்னதால், போன தீபாவளிக்கு நாலு லட்சம் ரூபாயை ஒரு ஓடிடி தளத்தில் போட்டோம். 20 நாளில் 16 லட்சம் இம்ப்ரெஷன் என்று ஏஜென்சி அறிக்கை கொடுத்தது. மதுரையில் இருக்கும் நாத்தனார் மகள் ஃபோன் பண்ணி, “அத்தை, நேத்து ராத்திரி மட்டும் உங்க விளம்பரம் பதினோரு தடவை வந்துச்சு” என்றாள். எனக்குச் சந்தோஷம், மருமகள் முகம் சுளிக்கிறாள். விற்பனையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இந்த வருஷ பட்ஜெட் 15 லட்சம். அதை மொத்தமாக ஓடிடிக்கு மாற்றலாமா? ஏஜென்சி அறிக்கையை இத்துடன் வைத்திருக்கிறேன்.

வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: வணக்கம் அம்மா. மொத்தத்தையும் மாற்றாதீர்கள். அதே சமயம் ஓடிடி வேண்டாம் என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். போன தீபாவளிக்கு நீங்கள் வாங்கிய விதத்தில்தான் கோளாறு இருந்தது. அந்தப் பதினோரு தடவையிலேயே அது முழுக்கத் தெரிகிறது.

அறிக்கையின் முதல் பக்கத்தில் ‘16,00,000 இம்ப்ரெஷன்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். இரண்டாம் பக்கத்தின் கீழே சின்ன எழுத்தில் ‘யூனிக் ரீச் 1,28,000’ என்று ஒரு வரி இருக்கிறது. இம்ப்ரெஷன் என்பது விளம்பரம் ஓடிய தடவை. ரீச் என்பது அது எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்தது என்ற எண். 16 லட்சத்தை 1,28,000-ஆல் வகுத்துப் பாருங்கள், 12.5 வரும். அதாவது ஓர் ஆளுக்குச் சராசரியாகப் பன்னிரண்டு தடவைக்கு மேல். அதுவும் சராசரிதான். வாரத்தில் ஒரு நாள் அரை மணி நேரம் பார்ப்பவருக்கு ஒன்றோ இரண்டோ வந்திருக்கும். ராத்திரி இரண்டு மணி வரை எபிசோடு எபிசோடாகப் பார்க்கிறவருக்கு நாற்பது ஐம்பதுகூடப் போயிருக்கும்.

ஏன் இப்படி ஆகிறது என்று புரிந்துகொண்டால், அடுத்த தடவை ஏஜென்சியிடம் நீங்களே கேள்வி கேட்கலாம். 20 நாளுக்குள் 16 லட்சத்தை ஓட்டி முடிக்க வேண்டும் என்பதுதான் அந்தத் தளத்தின் கணினிக்குக் கொடுக்கப்பட்ட வேலை. அதற்கு மேல் தமிழ் பார்வையாளர், மூன்று மாவட்டம், 25 முதல் 45 வயதுப் பெண்கள் என்று வட்டத்தைச் சுருக்கிவிட்டீர்கள். அந்தச் சின்ன வட்டத்துக்குள் கணினிக்கு அடிக்கடி கையில் கிடைப்பது யார்? விடாமல் பார்த்துக்கொண்டே இருப்பவர்தான். ஒவ்வொரு பிரேக்கிலும் அவர் இருப்பார், ஒவ்வொரு தடவையும் உங்கள் விளம்பரமே அவருக்குப் போகும். உங்கள் நாத்தனார் மகள் அன்று எத்தனை எபிசோடு பார்த்தாள் என்று கேட்டுப் பாருங்கள், கணக்கு சரியாக வரும்.

டிவியில் இந்தச் சிக்கல் இல்லை. நம் ஊர் விதிப்படி ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிஷம் வரைதான் விளம்பரம். அதை எத்தனையோ கம்பெனிகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. அரை மணி நேர சீரியலில் உங்களுடைய 30 நொடி ஸ்பாட் ஒரு தடவை வரும், மிஞ்சிப்போனால் இரண்டு. மறுநாள் அதே நேரத்தில், அதே வீட்டில், மறுபடி ஒன்று. வாரத்தில் ஆறு நாள் இப்படி. நீங்கள் திட்டமிடாமலேயே விளம்பரத்தைச் சீரான இடைவெளியில் பரப்பிக் கொடுத்தது அந்த சீரியல்தான்.

இடைவெளிக்கு இவ்வளவு மதிப்பு இருப்பது பழைய செய்தி. ஹூபர்ட் ஜீல்ஸ்கி என்ற அமெரிக்க விளம்பர ஆய்வாளர் 1959-ல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார். சிகாகோ பெண்களில் ஒரு குழுவுக்கு ஓர் உணவுப் பொருளின் 13 விளம்பரங்களை வாரம் ஒன்றாகத் தபாலில் அனுப்பினார். இன்னொரு குழுவுக்கு அதே 13 விளம்பரங்களை நான்கு வாரத்துக்கு ஒன்றாக, வருஷம் பூராவும் அனுப்பினார். முதல் குழுவில் பதின்மூன்றாவது வாரம் 63 சதவீதம் பேருக்கு விளம்பரம் நினைவில் இருந்தது. அனுப்புவதை நிறுத்தியதும் அந்த நினைவு சடசடவென்று இறங்கியது. இரண்டாவது குழு மெதுவாக ஏறி, வருஷக் கடைசியில் 48 சதவீதத்தில் நின்றது. ஆனால் வருஷம் முழுதையும் சேர்த்துச் சராசரி பார்த்தால், பரப்பி அனுப்பிய குழுவுக்கே நினைவு அதிகம்.

இதை உங்கள் தொழிலுக்குப் பொருத்திப் பாருங்கள். நீங்கள் தீபாவளி ஸ்வீட் விற்கிறவராக இருந்தால், இரண்டு வாரத்தில் கொட்டித் தீர்ப்பது சரி. பண்டிகை முடிந்தபின் ஜனங்கள் மறந்தாலும் நஷ்டமில்லை. சாம்பார் பொடி அப்படியா? மாதச் சாமான் லிஸ்ட் எழுதும்போது, ஒவ்வொரு மாதமும், உங்கள் பெயர் ஞாபகம் வர வேண்டும். அங்கே ஒரு ராத்திரியில் பதினோரு தடவை காட்டுவது, ஒரு மாதத்து உப்பை ஒரே நாள் குழம்பில் போடுகிற மாதிரி.

இதிலே இன்னொன்றும் இருக்கிறது. தொடர்ந்து பார்க்கிறவரின் மனநிலையே வேறு. கதவைத் திறந்தவன் யார் என்று தெரிவதற்குள் எபிசோடு முடிகிறது, அடுத்தது தானாக ஓட ஆரம்பிக்கிறது. அந்த இடத்தில் விளம்பரம் வந்தால் அது வெறும் தடங்கல். வெண்டி மோ, டேவிட் ஷ்வைடல் என்ற இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள் ஹுலு என்ற அமெரிக்க ஓடிடி தளத்தின் தரவை எடுத்து இதை ஆராய்ந்து 2016-ல் ‘ஜர்னல் ஆஃப் மார்க்கெட்டிங்’ இதழில் எழுதினார்கள். விட்டு விட்டுப் பார்ப்பவர்களை விட, அடுத்தடுத்து பார்ப்பவர்கள் விளம்பரத்துக்குக் குறைவாகவே மசிகிறார்கள் என்பது அவர்கள் கண்டது. ஆக, குறைவாக மசிகிற ஆளுக்குத்தான் கணினி அதிகமாகக் காட்டுகிறது. நீங்கள் தடுக்காவிட்டால் அது அப்படித்தான் காட்டும்.

அறிக்கையில் ‘96 சதவீதம் முடித்துப் பார்த்தார்கள்’ என்று ஒரு வரி இருக்கிறதே, அதைப் பார்த்தும் மயங்க வேண்டாம். தள்ளிவிட முடியாத விளம்பரத்தை முடிக்காமல் என்ன செய்வார்கள்? டிவியில் விளம்பரம் ஓடும், கை ஃபோனில் இருக்கும். அந்த எண் ஓடியதைத்தான் சொல்கிறது, பார்த்ததைச் சொல்லவில்லை. டிவி கணக்கும் முழு உண்மை என்று சொல்ல மாட்டேன். டிவி பார்ப்பவர்களைக் கணக்கெடுக்கும் பார்க் (BARC) அமைப்பு நாடு முழுவதும் சுமார் 58 ஆயிரம் வீடுகளில் மீட்டர் வைத்துத்தான் மொத்த இந்தியாவையும் மதிப்பிடுகிறது. ஆனால் அதை அளப்பது வெளியாள். ஓடிடி அறிக்கையை எழுதுவது உங்களிடம் காசு வாங்குகிற இடம்.

சரி, மருமகள் சொன்னதற்கு வருகிறேன். அவர் கவனித்தது நிஜம். 2013 பிப்ரவரி 1 அன்று நெட்ஃபிளிக்ஸ் ‘ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்’ தொடரின் 13 எபிசோடுகளையும் ஒரே நாளில் இறக்கியது. அதிலிருந்துதான் இந்தப் பழக்கம் வேகம் பிடித்தது. அமெரிக்காவில் 2025 மே மாதம் ஓடிடி பார்த்த நேரம், கேபிள் டிவியும் சாதாரண டிவியும் சேர்ந்த நேரத்தைத் தாண்டிவிட்டது என்கிறது டிவி பார்ப்பதை அளக்கும் நீல்சன் நிறுவனம். தமிழிலும் 2022 ஜூனில் ‘சுழல்’ எட்டு எபிசோடும் ஒன்றாக வந்தது. பலர் அந்த வார இறுதியிலேயே பார்த்து முடித்தார்கள்.

ஆனால் மருமகள் ஒன்றைக் கவனிக்கவில்லை. அப்படி விடிய விடியப் பார்க்கிறவர்களில் பலர், விளம்பரமே இல்லாத திட்டத்துக்குச் சந்தா கட்டியவர்கள். நெட்ஃபிளிக்ஸ் 2022 நவம்பரில் விளம்பரத்தோடு கூடிய மலிவுத் திட்டத்தை 12 நாடுகளில் கொண்டுவந்தபோது, அதில் இந்தியா இல்லை. அமேசான் பிரைம் வீடியோ 2025 ஜூன் 17 முதல் இந்தியாவில் விளம்பரம் போடுகிறது. வேண்டாம் என்பவர் வருஷத்துக்கு 699 ரூபாய் கூடுதலாகக் கட்டி விலகிக்கொள்ளலாம். மருமகளும் அவருடைய தோழிகளும் பார்க்கிற இடத்தில் உங்களால் விளம்பரம் வாங்க முடியுமா என்பதை முதலில் பார்க்க வேண்டும். பல இடங்களில் காசு கொடுத்தாலும் உள்ளே போக முடியாது.

இன்னொரு பக்கம், ஒரே மூச்சில் பார்ப்பது வெப் சீரிஸுக்கு மட்டும் உரியதும் இல்லை. உங்கள் தெருவிலேயே விசாரித்துப் பாருங்கள். வேலைக்குப் போகிற பெண்கள் வாரம் பூராவும் விட்டுப்போன சீரியலை ஞாயிற்றுக்கிழமை மதியம் சேனலின் ஆப்பில் வரிசையாகப் போட்டுப் பார்க்கிறார்கள். நீங்கள் ஏழு வருஷமாகக் குறிவைத்த அதே ஆள், அதே கதை. பார்க்கிற கிழமையும் கருவியும்தான் மாறியிருக்கின்றன. உங்கள் பொருளுக்கு ஓடிடியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். க்ரைம் தொடருக்கு நடுவே மசாலா விளம்பரம் போடுவதை விட, சீரியலின் ஆப் பதிப்பில் போடுவது நூறு மடங்கு பொருத்தம். அதேபோல, ஓடிடியிலேயே வாராவாரம் சில எபிசோடுகளாக வெளியாகும் தொடர்களைக் கேளுங்கள். 2024 மார்ச்சில் தொடங்கிய ‘ஹார்ட் பீட்’ அப்படித்தான் பல மாதம் ஓடியது. வாரம் தவறாமல் ஜனங்கள் திரும்பி வருவதால் உங்கள் விளம்பரமும் பரவலாகப் போகும்.

இனி, இந்த வருஷம் என்ன செய்யலாம் என்று பார்ப்போம். 15 லட்சத்தில் 8 லட்சம் சீரியலில் இருக்கட்டும். பிரேக்கில் முதல் ஸ்பாட் கிடைக்குமா என்று கேளுங்கள், கொஞ்சம் கூடுதல் ரேட் சொல்வார்கள், கொடுக்கலாம். இரண்டாவது விளம்பரம் வருவதற்குள் பலர் ஃபோனை எடுத்துவிடுகிறார்கள். 5 லட்சம் ஓடிடிக்கும் யூடியூபுக்கும். மீதி 2 லட்சத்தில் புது விளம்பரம் எடுங்கள். அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

ஓடிடிக்கு ஆர்.ஓ. (ரிலீஸ் ஆர்டர், விளம்பரத்தை ஓட்டச் சொல்லி எழுத்தில் தரும் உத்தரவு) கொடுக்கும்போது அதிலேயே எழுத்தில் போட வேண்டியது: ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு தடவைக்கு மேல் கூடாது, வாரத்துக்கு ஐந்துக்கு மேல் கூடாது. இதற்கு ஃப்ரீக்வென்சி கேப் என்று பெயர். வாயால் சொன்னால் “பார்த்துக்கிறோம் மேடம்” என்பார்கள். ஆர்.ஓ.வில் இருந்தால்தான் பின்னால் கேட்க முடியும். “கேப் போட்டால் 16 லட்சம் ஓடாது, 6 லட்சம்தான் ஓடும்” என்று சொன்னால், அது ஓடட்டும். ஓடாததற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. ஆறு லட்சம் இம்ப்ரெஷன் ஆளுக்கு ஐந்து தடவையாகப் போனால், 1,20,000 பேர். போன தடவை நாலு லட்சம் ரூபாயில் பிடித்த கிட்டத்தட்ட அதே கூட்டத்தை, அதே ரேட்டில், ஒன்றரை லட்சத்தில் பிடிக்கிறீர்கள். கேப் போட்டால் ரேட்டைக் கொஞ்சம் ஏற்றுவார்கள். ஏற்றினாலும் லாபம் உங்களுக்குத்தான்.

அந்தக் கேப்பும் பெரும்பாலும் கருவிக்குத்தான், ஆளுக்கு இல்லை. ஒரே பெண் டிவியிலும் ஃபோனிலும் பார்த்தால் இரண்டு பேராகக் கணக்காகலாம். அதனால்தான் எண்ணைக் குறைவாகவே வைக்கச் சொல்கிறேன்.

தேதி விஷயத்தில் ஏஜென்சிக்கு உங்கள் அளவுக்குத் தெரியாது. சம்பளம் வந்து மாதச் சாமான் வாங்குவது முதல் பத்து நாளில். விளம்பரம் 26-ம் தேதி தொடங்கி அடுத்த மாதம் 8-ம் தேதி வரை ஓடினால் போதும். 20 நாளில் கொட்டியதை இப்படி ஆறேழு மாதத்துக்குப் பிரித்துவிடலாம். தீபாவளிச் சமயத்திலும் ஐபிஎல் சமயத்திலும் பெரிய கம்பெனிகள் பணத்தோடு வந்து நிற்பார்கள், ரேட் ஏறும். அந்த வாரங்களை விட்டுவிடுங்கள்.

ஊரை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். இணைய இணைப்புக்கான எண்ணான ஐபி முகவரியை மட்டும் வைத்துப் பார்த்தால், மொபைல் டேட்டாவில் தேனியில் இருந்து பார்க்கிறவர் சென்னையாகத் தெரிவது சகஜம். சென்னைக்காரர் தேனியாகத் தெரிந்தால் உங்கள் சரக்கே இல்லாத ஊரில் விளம்பரம் ஓடும்.

யூடியூபில் ஐந்து நொடியில் தள்ளிவிடக்கூடிய விளம்பரத்தை, பார்த்தால் மட்டும் கட்டணம் என்ற முறையில் வாங்குங்கள். 20 நொடி விளம்பரமாக இருந்தால் அது முழுதும் ஓடினால்தான், அல்லது யாராவது அதைத் தொட்டால்தான், காசு. அப்படியென்றால் முதல் ஐந்து நொடி உங்களுக்கு இலவசம். அதற்குள் பாக்கெட்டும் பெயரும் திரையில் வந்துவிட வேண்டும். இப்போது உங்கள் விளம்பரத்தில் கோலம், வாசல், பாட்டி, பேரன் எல்லாம் வந்து முடிந்து, பாக்கெட் கடைசியில்தான் வருகிறது. டிவிக்கு அது சரி, இங்கே வீண்.

விளம்பரம் எங்கெங்கே ஓடியது என்ற பட்டியலை யூடியூப் கொடுக்கும். வாராவாரம் அதைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். நான் பார்க்கிற சின்ன கம்பெனிகளின் கணக்குகளில் திரும்பத் திரும்ப வருவது குழந்தைப் பாட்டுச் சேனல்களும் கேம் ஆப்களும்தான். குழந்தை சாப்பிடுவதற்காக அம்மா டிவியில் பாட்டுப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போகிறார். அது ஒன்று முடிந்து ஒன்று தானாக மணிக்கணக்கில் ஓடுகிறது. விளம்பரமும் முழுதாக ஓடுகிறது, காசும் போகிறது, பார்க்கிறது மூன்று வயதுக் குழந்தை. அந்தச் சேனல்களை விலக்கு பட்டியலில் சேர்ப்பது சில நிமிஷ வேலை. இதைச் செய்யாத ஏஜென்சியிடம் நான் பணம் கொடுக்க மாட்டேன்.

இப்போது அந்த 2 லட்சம். டிவிக்காக எடுத்த 30 நொடிப் பாட்டை ஒரு நாளைக்கு ஒரு தடவை கேட்டால் இனிக்கும். ஓடிடியில் இரண்டு தடவை வந்தாலே அலுப்பு. ஒரே நாள் படப்பிடிப்பில் மூன்று சின்ன விளம்பரம் எடுங்கள், 10 நொடியில் ஒன்று, 20 நொடியில் இரண்டு. ஒன்றில் சாம்பார், ஒன்றில் ரசம், ஒன்றில் மீன் குழம்பு. மாற்றி மாற்றி ஓடட்டும். கூடவே, அசையாத படமாக ஒன்று செய்து வையுங்கள். படத்தை நிறுத்தும்போது திரையில் விளம்பரம் காட்டுவதை ஹுலு 2019-ல் தொடங்கியது. 2024-ல் யூடியூபும் டிவித் திரையில் அதைப் பரவலாக்கியது. தோசையைத் திருப்பிப் போட எழுந்து போகிறவர் படத்தை நிறுத்துகிற அந்த நேரத்தில் ஒரு மசாலா பாக்கெட் அமைதியாகத் திரையில் நிற்பதை விடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை. யாரையும் தடுக்கவும் இல்லை.

பலன் தெரிகிறதா என்று பார்க்கத் தீபாவளி ஏற்ற காலமே இல்லை. அப்போது எல்லார் விற்பனையும் ஏறும், எதனால் ஏறியது என்று பிரிக்க முடியாது. டிவி விளம்பரம் மூன்று மாவட்டத்துக்கும் பொதுவாகத்தான் போகும். அதனால் முதல் எட்டு வாரம் ஓடிடியையும் யூடியூபையும் தேனியில் மட்டும் ஓட்டுங்கள். விருதுநகரிலும் மதுரையிலும் வேண்டாம். அந்த எட்டு வாரத்தில் தேனி கடைகளுக்குத் தனியாக ஸ்கீம், இலவச பாக்கெட், புது சேல்ஸ்மேன் என எதுவும் கூடாது, கணக்குக் கெட்டுவிடும். விநியோகஸ்தருக்கு நீங்கள் போட்ட சரக்கைப் பார்க்காதீர்கள், கடைக்காரர் மறுபடி எத்தனை நாளில் ஆர்டர் கொடுத்தார் என்று பாருங்கள். சேல்ஸ்மேன் நோட்டில் அது இருக்கும். மூன்று மாவட்டத்திலும் போன வருஷம் அதே எட்டு வாரத்தில் எப்படி இருந்தது என்பதையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். தேனி மட்டும் மற்ற இரண்டையும் விட நன்றாக நகர்ந்திருந்தால், மதுரைக்கும் விரியுங்கள். நகரவில்லை என்றால் மீதிப் பணத்தைத் தைரியமாக நிறுத்திவிடலாம். அதுவரை சீரியல் ஸ்பாட்டில் கை வைக்க வேண்டாம்.

இந்த வேலையை மருமகளிடமே கொடுங்கள் என்பது என் யோசனை. எங்கே என்ன ஓடுகிறது என்று வீட்டில் முதலில் கவனித்தவர் அவர்தான். பதினோரு தடவை என்றதும் முகம் சுளித்ததும் அவர்தான், அந்த உணர்வு சரியானது. ஏஜென்சியோடு பேசும்போது அவர் இரண்டு தாள் கேட்டு வாங்க வேண்டும். ஒன்று, நாள் வாரியாக எத்தனை புது ஆட்களுக்குப் போனது என்ற கணக்கு. இன்னொன்று, ஒரு தடவை பார்த்தவர் எத்தனை, இரண்டு தடவை பார்த்தவர் எத்தனை, பத்துக்கு மேல் பார்த்தவர் எத்தனை என்ற பிரிவு. போன தீபாவளிக்கான இந்த இரண்டாவது தாளை இப்போதே கேட்கலாம், அது அவர்களிடம் இருக்கும். தர மறுத்தால் வேறு ஏஜென்சி பாருங்கள்.